சோஃபியின் ஆறாவது விரல்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. நான் ஒரு நாவலைப் பற்றிப் பேசப் போறேன். ஜான் விந்தம் என்கிற இங்கிலாந்து எழுத்தாளர் 1955-இல் எழுதிய 'தி கிரிசலிட்ஸ்'.

அணுப்போர் என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டிய ஒரு பேரழிவுக்கு நெடுங்காலம் பிறகு கதை நடக்கிறது. இடம், கனடாவின் லாப்ரடார். அங்கே வாக்னக் என்று ஓர் ஊர். கடவுள் தன் சாயலில் மனிதனைப் படைத்தார், ஆகவே கை இத்தனை, விரல் இத்தனை என்று அங்கே சட்டம். பயிர் பிசகினால் எரிப்பார்கள். கன்று பிசகினால் அறுப்பார்கள். குழந்தை பிறந்தால் அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். அதுவரை குழந்தை பிறந்ததாகவே வீட்டில் யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது.

நான் வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுக் காசோலையைத் திருப்பி அனுப்புகிறவன். அந்த அதிகாரியைப் படித்தபோது என் கையைத்தான் பார்த்துக்கொண்டேன். நான் திருப்புவது வெறும் காகிதம். அவர் திருப்புவது ஓர் உயிர்.

சோஃபி என்ற சிறுமிக்குக் காலில் ஆறு விரல். பாறையில் பதிந்த ஈரக் காலடியை ஒரு பையன் பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான். குடும்பமே ராத்திரியோடு ஓடுகிறது. கடைசியில் பிடிபட்ட அவளை, பிள்ளை பெற முடியாதபடி ஆக்கி, விளிம்பு நிலத்துக்குத் துரத்துகிறார்கள்.

கதை சொல்லும் டேவிட்டுக்கு உடம்பில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் அவனும் இன்னும் சில பிள்ளைகளும் தொலைவிலிருந்தே மனசாலே பேசிக்கொள்வார்கள். இது தெரியவந்ததும் ஊருக்குப் பெரும் பயம். ஏன்? விரலை எண்ணிவிடலாம். மனசை எந்த அதிகாரி எண்ணுவான்? பிடிபட்ட இரண்டு பெண்களைச் சித்திரவதை செய்து மற்றவர்களின் பெயரைக் கேட்கிறார்கள். டேவிட்டும் தங்கை பெட்ராவும் ரோசலிண்டும் விளிம்புக்கு ஓடுகிறார்கள். அங்கே அவர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றுவது யார் தெரியுமா? அதே சோஃபிதான்.

இங்கேதான் எனக்குத் தகராறு. பெட்ராவின் மனக்குரல் நியூசிலாந்து வரை எட்டுகிறது. அங்கே அநேகமாக எல்லோரும் இப்படிப் பேசுகிறவர்கள். விமானத்தில் ஒரு பெண் வருகிறாள். ஒட்டும் நூலை மழையாகப் பொழிகிறாள். விரட்டி வந்தவர்களும் சாகிறார்கள், விளிம்பு மக்களும் சாகிறார்கள். சோஃபி அதற்குமுன் நடந்த சண்டையிலேயே செத்துவிட்டாள். வந்தவள் நியாயம் சொல்கிறாள்: நாங்கள் மேலான இனம், பழைய இனம் அழிவது இயற்கை.

டேவிட்டின் அப்பா ஜோசப் ஸ்ட்ரோம் இத்தனை நாள் பேசியதும் இதுதானே? அளவுகோல் மாறியிருக்கு, அளக்கிற கை மாறலை. விந்தம் இதை ஒப்புக்கொண்டு எழுதினாரா, கிண்டலாக எழுதினாரா என்று வாதாடலாம். எனக்கு உறுத்துவது வேறு. தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவர்களின் கணக்கில், அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியவளுக்கு இடமே இல்லை. உயிரோடு இருந்திருந்தாலும் அந்த நூல் அவளையும் சேர்த்துத்தான் சுருட்டியிருக்கும்.

ஒடுக்கப்பட்டவர்களிடம் ஒரு தனி ஆற்றல் இருக்கு, அதனால அவங்களை மதிக்கணும் என்று நம்மில் சிலரும் பேசுகிறோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரு ஆற்றலும் இல்லாத, ஆறு விரல் மட்டுமே உள்ள பிள்ளைக்கு அப்புறம் என்ன பதில் வச்சிருக்கோம்?

நாவலைப் படிங்க. அடுத்த கூட்டத்தில் சோஃபி பக்கம் நின்று பேசுவோம்.