பரோடாவுக்குக் குடிபெயர்ந்த பேராசிரியர்

(யூபிலி விழா, குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)



கப்பலுக்கும் வெளிநாட்டுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நாம். அப்படி ஊரைவிட்டுப் போன தமிழர் ஒருவரை இன்று நினைவுகூர்வோம்.

உயிர்வேதியியல் பேராசிரியர் சி. வி. இராமகிருஷ்ணன் 1955-இல் குஜராத்தின் பரோடாவில் குடியேறினார். மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் புதிய துறையொன்றை உருவாக்குவது அவர் பொறுப்பு. தொடக்கத்தில் வசதி ஏதுமில்லை. ஐஸ் கட்டிகளை வாங்கி, அந்தக் குளிரில் நொதிகளைப் பிரித்தெடுத்தார். பிடித்த மீனை ஐஸில் காக்கும் நமக்கு அந்தப் பாடு புரியும்.

அவருடைய மனைவி இராஜலட்சுமி, கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகனை வீட்டாரிடம் விட்டு, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கணவனும் மனைவியும் சேர்ந்து, ஏழைக் குழந்தைகளுக்கு உள்ளூர் உணவுப் பொருள்களைக் கொண்டே மலிவான சத்துணவு அமைக்கும் வழியை ஆராய்ந்தார்கள்.

மகன் வெங்கி 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர். மகள் லலிதா காசநோய் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர்.

நோபல் பரிசு எல்லா வீட்டுக்கும் வராது. மனைவியின் படிப்பைத் தன் படிப்பைப்போல் மதிக்கும் கணவன் எல்லா வீட்டிலும் இருக்கலாம். நல்ல வரன் வந்ததென்று மகளின் படிப்பை நிறுத்துமுன், இந்தக் குடும்பத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.