கோழிக்கு முன்னே கூண்டு

(நெய்வேலி நகரியத்தில் கூடிய நன்கொடையாளர் கூட்டத்தில் நம் ஆஸ்பத்திரிப் போதகர் பேசியது)



ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் ஏழைத் தாய்மார்களுக்குக் கோழி வாங்கிக் கொடுக்கும்படி உங்களில் அநேகர் காணிக்கை அனுப்புகிறீர்கள். நல்ல காரியம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் கர்ப்பிணிக்கும் அது எவ்வளவு பயன் என்று டாக்டர்மார் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் இன்று ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறேன். கோழிக்கென்று அனுப்பும் பணத்தில் பாதியையாவது கூண்டுக்கென்று தாருங்கள்.

காரணம் சொல்கிறேன். முந்திரிக்காட்டு ஓரத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விதவைத் தாய்க்கு ஆறு பெட்டையும் ஒரு சேவலும் கொடுத்தோம். பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் படுப்பார். முட்டை விற்ற காசுதான் மகள் பள்ளிக்கூடம் போக பஸ் செலவு. நான்காம் மாதம் ஒரு இரவு நாய்கள் பஞ்சாரத்தைப் புரட்டிவிட்டன. விடிந்தபோது சேவல் மட்டும் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. அந்தத் தாய்க்கு மறுபடியும் ஆறு கோழி வாங்கிக் கொடுப்பதில் என்ன அர்த்தம்?

வேறு சிலர் பயந்து, இரவில் கோழிகளை வீட்டுக்குள்ளேயே அடைக்கிறார்கள். தவழுகிற குழந்தை அந்த எச்சத்தில் கைவைத்து வாயில் வைக்கும். வயிற்றுப்போக்கோடு எங்களிடம் வரும். பத்தடி தள்ளி ஒரு கூண்டு இருந்தால் இது நடக்காது.

கூண்டு பெரிதாக இருக்கவேண்டாம். பகலெல்லாம் மேய்கிற கோழிக்கு இரவில் தங்க ஒரு சதுர அடி போதும். நாலடி நீளம், மூன்றடி அகலம் இருந்தால் பத்துக் கோழிகள் தங்கும். கால்கள் இரண்டடி உயரம் இருக்கட்டும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கவேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் படும். சட்டத்துக்கு நம் கடலூர்ப் பக்கத்துச் சவுக்கே போதும். தேக்கு தேடவேண்டாம். தரைக்கும் சவுக்குச் சட்டங்களையே அரை அங்குல இடைவெளிவிட்டு அடித்தால் எச்சத்தில் பெரும்பகுதி கீழே விழும், மிச்சத்தை வாரம் ஒருமுறை சீவித் தள்ளலாம். கீழே விழுந்ததை மட்கவைத்து முருங்கைக்குப் போடுங்கள்.

பணத்தைச் செலவழிக்கவேண்டிய இடம் வலை. கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயையும் காட்டுப்பூனையையும் வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் வாங்குங்கள். பாம்பும் எலியும் உள்ளே வருவது அரிது. கதவுக்குக் கயிறு கட்டாமல் கொக்கியும் தாழ்ப்பாளும் போடுங்கள்.

கூரை விஷயத்தில் எனக்குக் கீற்றுதான் பிடிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் கோழி வாயைத் திறந்துகொண்டு இளைப்பதைப் பார்க்கச் சகிக்காது. தகரம்தான் கையிலிருக்கிறதென்றால் அதன்மேல் கீற்றைப் பரப்புங்கள். முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டி, ஐந்து பெட்டைக்கு ஒன்று வீதம், உள்ளே வைக்கோல். வெளியே ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் கோழி புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். அடுப்புச் சாம்பல் என்றேன். நெய்வேலியாயிற்றே என்று அனல்மின் நிலையச் சாம்பலை அள்ளிவந்துவிடாதீர்கள்!

நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்கள் அனுமதி உண்டா என்று முதலில் நகர நிர்வாகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பணி ஓய்வு பெற்றால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆகவே செங்கல் சிமெண்டு வேண்டாம், இரண்டுபேர் தூக்கக்கூடிய கூண்டாகச் செய்யுங்கள். கிராமத்தில் காலை ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கலாம். எப்படியானாலும் ஐப்பசி மழைக்குமுன் நான்கு மூலையையும் முளையடித்துக் கட்டிவிடுங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரைகடந்தபோது, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பெரிய மரத்தையே சாய்த்த காற்றுக்குக் கூண்டு எம்மாத்திரம்?

கூண்டு இருந்தும் ஒரு சத்துரு உள்ளே நுழைவான். வெள்ளைக்கழிச்சல் என்கிற இராணிக்கெட் நோய்தான் அது. வந்தால் கூண்டையே காலிபண்ணிவிடும். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் இதற்கென்றே முகாம் நடத்துகிறது. கோழிகள் இரவில் ஒரே கூண்டில் அடைந்திருந்தால், விடியுமுன் பிடித்து ஊசிபோடுவது எளிது. மரத்திலும் கூரையிலும் அடைகிற கோழியை யார் துரத்திப் பிடிப்பது? சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். செத்த கோழியை அறுக்கவேண்டாம். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நமது பட்டியலில் இப்போது ஒன்பது தாய்மார் இருக்கிறார்கள். நாய்களுக்குக் கோழிகளைப் பறிகொடுத்த அந்தத் தாயின் பெயர்தான் முதலில் இருக்கிறது. உள்ளூர்த் தச்சர் ஒருவர் கூலியைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். சவுக்குக் கம்பும் சொல்லிவைத்தாயிற்று. வலை வாங்கப் பணம் கிடைத்தால், ஐப்பசிக்குமுன் ஒன்பது கூண்டும் நிற்கும். கோழி அடுத்த மாதம் வாங்கலாம்.