ஒரு காருக்குப் பல காதுகள்

சிங்கப்பூரில் ஒரு கார் பதிவாகும் அன்றே அதன் கடைசி நாளும் குறிக்கப்பட்டுவிடுகிறது. 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்த பிறகு, சிஓஇ என்று எல்லார் வாயிலும் புழங்கும் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இங்கே யாரும் புதுக் கார் வாங்க முடியாது. அதற்கு ஆயுள் 10 ஆண்டு. அது முடிந்ததும் காரைப் பதிவிலிருந்து நீக்கி உடைக்கக் கொடுக்கலாம், அல்லது கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் மனம் வரவில்லையென்றால், முந்தைய மூன்று மாத ஏலங்களின் சராசரித் தொகையைக் கட்டி இன்னும் 10 ஆண்டு நீட்டிக்கலாம். பாதித் தொகை கட்டினால் 5 ஆண்டு.

நீட்டிப்பதில் லாபம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பத்தாண்டு முடிவதற்குள் பதிவை நீக்கியிருந்தால் திரும்பக் கிடைத்திருக்கும் கழிவுத்தொகை கைவிட்டுப் போகும். சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடாகக் கூடிக்கொண்டே வந்து, 50 விழுக்காடு கூடுதலில் போய் நிற்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றிருந்த கட்டாயச் சோதனை ஆண்டுதோறும் வரும். இவ்வளவையும் கட்டிக்கொண்டு, இரண்டே பேர் உட்காரக்கூடிய, தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறிப் பைகள் மூன்றை வைத்தால் நிறைந்துவிடுகிற ஒரு பழைய காரை ஒருவர் வைத்திருந்தால், அவர் மாமனார் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆர்ச்சர்ட் சாலையில் உறுமிக்கொண்டு போகும் புத்தம்புதுக் கார்க்காரர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இவர்கள் ஓட்டுவது மாஸ்டா எம்எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000, டொயோட்டா 86, இருபது வயதைத் தாண்டிய போர்ஷே பாக்ஸ்டர் மாதிரியான கார்கள். கையால் கியர் மாற்ற வேண்டும். அதுதான் சுகமே என்பார்கள். ஹோண்டா எஸ்2000-ஐத் தயாரிப்பதை நிறுத்தியது 2009-இல். ஆகவே இன்று சிங்கப்பூர்ச் சாலையில் அந்தக் கார் ஒன்றைப் பார்த்தால், யாரோ ஒருவர் குறைந்தது ஒருமுறையாவது பெருந்தொகை கட்டி அதைக் காப்பாற்றியிருக்கிறார் என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

காப்பாற்றுவது என்றால் வெறும் பணம் கட்டுவது இல்லை. இங்கேதான் சிங்கப்பூருக்கே உரிய சிக்கல் வருகிறது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவருக்கு வீட்டோடு ஒரு கொட்டகை இருக்கும். சனிக்கிழமை காலையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்து, ஸ்பேனரோடு நாளைக் கழிப்பார். நம்மில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் இருப்பவர்கள். கார் நிற்பதோ பொதுக் கார் நிறுத்தத்தில். அங்கே பழுது பார்க்க விதி இடம் தராது. கழுவுவதற்கே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எண்ணெய் மாற்ற வேண்டுமானாலும் சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் என்று ஒரு பட்டறையைத் தேடிப் போக வேண்டும். ஆக, கையில் கருவியைத் தொடாமலே காரைப் பராமரிக்கும் ஒரு விசித்திரமான கலையை இந்த ஊர் உரிமையாளர்கள் வளர்த்திருக்கிறார்கள். கேட்பது, கவனிப்பது, குறித்து வைப்பது, மற்றவர்களிடம் விசாரிப்பது ஆகிய நான்கும்தான் அந்தக் கலை. தனியாளுக்கு இல்லாத கொட்டகையை எல்லாரும் சேர்ந்து கைபேசியில் கட்டிவைத்திருக்கிறார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். எஸ்2000-இன் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகக்கூடியது. 1999-இல் வந்தபோது உலகமே வாயைப் பிளந்த எஞ்சின். அதில் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் என்றொரு சின்ன உறுப்பு உண்டு. வயதானால் அது தளரும். தளர்ந்தால், சைக்கிள் சக்கரக் கம்பியில் அட்டையைச் செருகி ஓட்டும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சடசடப்பு கேட்கும். ஒருவர் காலையில் அதைக் கேட்கிறார். பதறிப்போய் கைபேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். உடனே கேள்விகள் வரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? 2,000 சுற்றைத் தாண்டினால் கூடுகிறதா, குறைகிறதா? கைபேசியை எந்தப் பக்கம் பிடித்தீர்கள்? குழுவின் பொதுமொழி சிங்கப்பூர் ஆங்கிலம்தான். ஆனால் தமிழர் இரண்டு பேர் தனியே பேசிக்கொண்டால், "அண்ணே, ஸ்டார்ட் பண்ணதும் வருது, சூடானதும் காணோம்" என்று ஒருவர் சொல்ல, "அப்ப டென்ஷனர்தான் தம்பி, பயப்படாத. எஞ்சினைப் பிரிக்கணும்னு யாராவது சொன்னா மட்டும் ஒத்துக்காத" என்று மற்றவர் தேற்றுவார். அந்தக் கடைசி வார்த்தை பல நூறு வெள்ளி பெறும். டென்ஷனர் எஞ்சினுக்கு வெளிப்புறத்திலேயே இருப்பது. அதை மாற்றுவதற்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை என்பது தெரியாதவரிடம் யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

எம்எக்ஸ்-5 கார்க்காரர்களின் கவலை வேறு. அவர்களுக்கு எஞ்சினைவிட மழைதான் எதிரி. 1989-இல் அறிமுகமாகி, பத்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரும் அதற்கு உண்டு. மடக்கும் துணிக் கூரையில் விழும் தண்ணீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியாக இறங்கி, காருக்கு அடியில் வெளியேற வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், சாலையோர மரங்களின் பொடி இலைகள் அந்தத் துளையை அடைத்துக்கொள்கின்றன. தண்ணீர் போக வழியில்லாமல் கதவுக்குக் கீழே உள்ள இரும்புப் பெட்டிக்குள் தேங்கும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும். உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். ஒரு சின்னப் புனல், ஒரு கோப்பைத் தண்ணீர், வளையக்கூடிய மெல்லிய நைலான் கம்பி ஆகிய மூன்றும் இருந்தால் இதைத் தடுத்துவிடலாம். ஒரு பக்கத் துளையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, குனிந்து, பின் சக்கரத்துக்கு முன்னால் கீழே சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சொட்டவில்லையென்றால் கம்பியை மெதுவாக விட வேண்டும். குத்தக் கூடாது, குத்தினால் உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடும். இந்த 'குத்தக் கூடாது' என்பதை ஏற்கெனவே குத்திப் பார்த்த யாரோ சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரிகிறது.

போர்ஷே பக்கம் போனால் ஐஎம்எஸ் பேரிங் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறும். 1990-களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் வந்த பாக்ஸ்டர், 911 எஞ்சின்களில் இந்தப் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013-இல் சமரசம் ஆனது. இங்குள்ளவர்கள் ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் பழைய ஃபில்டரைப் பட்டறையில் கேட்டு வாங்கி, அதன் மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள், இரும்புத் துகள் மின்னுகிறதா என்று. மின்னினால் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார்கள்.

இதையெல்லாம் மெச்சும்போது குறையையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் குழுவிலும் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவரிடம் அந்தக் கார் இருக்காது. வேறு கார் இருக்கும். ஆனால் பதில் முதலில் அவருடையதாகத்தான் வரும். இன்னொன்று, பயத்தைப் பரப்புவது. எங்கோ ஒரு எஞ்சின் போனால், ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும் பத்துக் கார்களுக்கும் அதே உறுப்பை மாற்றிவிடுகிறார்கள். பட்டறைக்காரர் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்? இந்தக் குழுக்களில் உண்மையில் பயன்படும் ஆள், எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்றினார், எவ்வளவு கொடுத்தார், எத்தனை நாள் உழைத்தது என்று கணக்கு வைத்திருப்பவர்தான். அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் ரசீதோடு பேசுவார்.

காய்கறி வாங்கப் போகிற அதே தேக்காவுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு பழையது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயரை இன்று மீன் தலைக் கறியோடு சேர்த்துத்தான் நினைக்கிறோம். 1840-களிலிருந்து 1933 வரை அந்தப் பக்கம் குதிரைகள் ஓடிய பந்தயத் திடல் இருந்தது. அருகே சுங்கை ரோட்டில் 2017 ஜூலை வரை இயங்கிய பழம்பொருள் சந்தையில், துருப்பிடித்த ஸ்பேனருக்கும் சாக்கெட் பெட்டிக்கும் பேரம் பேசியவர்கள் பலர். வீரமாகாளியம்மன் கோயிலில் பூசை முடித்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்படும் புதுக் கார்களை இன்றும் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருப்பதையும் கவனியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் கெட்டியாகிவிடும். டயரின் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று நம்பி, மழையில் வழுக்கியவர்கள் உண்டு.

ஓட்டுவதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். விரைவுச்சாலைகளில் அதிகபட்சம் 90 கிலோமீட்டர்தான். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலை வளைவுகளில் இன்று குரங்குகள்தான் உலவுகின்றன. தெம்பு உள்ளவர்கள் ஞாயிறு விடியற்காலையில் முக்கால் டாங்க் பெட்ரோலோடு துவாஸ் சோதனைச்சாவடியைக் கடந்து மலேசியாவுக்குள் போகிறார்கள். முக்கால் டாங்க் இல்லாவிட்டால் சிங்கப்பூர்க் கார் எல்லையைத் தாண்ட முடியாது. அங்கே நெடுஞ்சாலை 110 வரை அனுமதிக்கிறது. முழு வேகம்தான் வேண்டுமென்றால் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போக வேண்டும். ஊருக்குள்ளேயே வேகம் பார்த்தவர்களின் கதை என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். 2021 சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் அதிகாலையில் தஞ்சோங் பகாரில் நடந்த கார் விபத்தில் ஐந்து உயிர் போனது. அந்த மாதிரிச் செய்தி வந்த வாரம், ஒழுங்காக ஓட்டுகிறவர்களையும் மின்தூக்கியில் அண்டைவீட்டார் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதை அவர்கள் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது குழுக்களில் ஓடும் பேச்சு ஒன்றே ஒன்று, அடுத்த நீட்டிப்பு. 2019 தொடக்கத்தில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 40,000 வெள்ளிக்கும் குறைவு. அப்போது நீட்டித்தவர்கள் கெட்டிக்காரர்கள். 2023 அக்டோபரில் அதே பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்டது. 2019-இல் நீட்டித்த கார்களுக்கு 2029-இல் மறுபடியும் கெடு வருகிறது. அதற்கு அடுத்த ஆண்டான 2030-இலிருந்து, புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம். 2040-க்குள் எல்லா வாகனங்களையும் அப்படி ஆக்குவது இலக்கு.

இந்தக் கெடுவிலிருந்து தப்ப ஒரு சந்து இருக்கிறது. பதிவாகி 35 ஆண்டு ஆன கார், பழம்பெரும் வாகனத் திட்டத்தில் சேரலாம். செலவு வெகுவாகக் குறையும்; ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களில் 1990-இல் பதிவானவை 2025-இலேயே அந்த வயதை எட்டிவிட்டன. மாஸ்டாவே ஜப்பானில் அந்தக் காருக்கான பழைய உதிரிபாகங்களையும் அசல் டயரையும் மறுபடி செய்து தருவதாக 2017-இல் அறிவித்தது. எஸ்2000-க்காரர்களும் விரல்விட்டு எண்ணுகிறார்கள். 1999-இல் பதிவானதாக இருந்தால் 2029-இல் இன்னும் 5 ஆண்டு மட்டும் வாங்கினால் போதும், 2034-இல் 35 ஆகிவிடும்.

அப்போது ஆண்டில் 320 நாள் கார் சும்மா நிற்கும். பல மாடிக் கார் நிறுத்தத்தில் பேட்டரி சார்ஜர் செருக மின்முனை கிடையாது. வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்தால் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் ஈரம்தான் சேரும். நிற்கிற டயர் அழுந்திய இடத்தில் தட்டையாகும். பிரேக் தட்டில் துரு பிடிக்கும். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவைப்பதா, கையடக்க பவர் பேக் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்வதா, காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி நிரப்புவதா என்று ரசீது வைத்திருப்பவர்களிடம் இப்போதே கேள்விகள் போய்க்கொண்டிருக்கின்றன.