பக்கத்துக் கோப்பையைப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஜப்பான் அனுபவத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர். தொழிற்சாலையைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசப்போவது ஒரு மதுக்கடையைப் பற்றி. முதல்வர் ஐயா கோபிக்கக் கூடாது. கடைசி வரை கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

1996-இல் செண்டாய் நகருக்குப் பக்கத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிரிவுத் தலைவர் நாலைந்து பேரை ரயிலில் ஷியோகாமா துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சூரை மீனுக்குப் பேர்போன ஊர். 1724-இல் தொடங்கிய சாக்கே ஆலை ஒன்று இன்றும் அங்கே நடக்கிறது.

வாசலில் சிவப்புக் காகித விளக்கு, தொங்கும் துணித் திரை. குனிந்து உள்ளே போனால் இஸகாயா. 'இருந்து குடிக்கிற கடை' என்று அர்த்தம். எடோ காலத்தில் சாக்கே வாங்க வந்தவர்கள் வாங்கின இடத்திலேயே குடிக்க ஆரம்பித்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் இந்தக் கடை.

உட்கார்ந்ததும் கை துடைக்கச் சூடான ஈரத்துண்டு. பிறகு யாரும் கேட்காமலே ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ கறி. ஓசி என்று நினைத்து ரசித்துச் சாப்பிட்டேன். பில்லில் இருந்தது! அது உட்கார்ந்ததற்கான கட்டணமாம்.

நான் தூத்துக்குடிக்காரன். மீனுக்குப் பயந்தவன் இல்லை. ஆனால் பச்சையாக வந்தால்? சூரை, கணவாய், சிப்பி எல்லாம் வந்தது. கடல் பாறையில் ஒட்டி வளரும் ஹோயா என்ற ஆரஞ்சு நிறப் பிராணியும் வந்தது. அதை வாயில் போட்டதும் எங்கள் ஊர்க் கடலையே விழுங்கின மாதிரி இருந்தது. ஆச்சி பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

சாக்கே பற்றியும் கேட்டுக்கொண்டேன். அரிசி, தண்ணீர், கோஜி என்னும் பூஞ்சை. மாவுச்சத்தைக் கோஜி சர்க்கரையாக்க, அதே தொட்டியில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்குகிறது. இந்தக் கைவினையை 2024-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நான் குடிப்பதில்லை, ஊலாங் டீ கேட்டேன். யாரும் கேலி செய்யவில்லை.

அங்கே ஒரு வழக்கம். தன் கோப்பையைத் தானே நிரப்பக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பார்த்து ஊற்ற வேண்டும். என் டீயைப் பிரிவுத் தலைவரே ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, "வேலை எப்படிப் போகுது? மனசுல இருக்கிறதச் சொல்லு" என்றார். அந்த மேஜையில் பதவி பார்ப்பதில்லை.

சொன்னேன். துளையை அளக்கும் எங்கள் பிளக் கேஜ் தேய்ந்திருந்தது. பக்கத்து லைன் கேஜ் நுழையாத துளையில் எங்களுடையது சுளுவாக நுழைந்தது. அதாவது, சிறுத்த துளையும் பாஸாகிவிடும். சாப்பிடும் குச்சியின் காகித உறையில் படம் போட்டுக் காட்டினேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எத்தனை நாளாத் தெரியும்?"

"ரெண்டு வாரமா."

பயிற்சிக்கு வந்தவன், பாஷை அரைகுறை, நமக்கெதுக்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அவர் திட்டவில்லை. சனிக்கிழமை காலையிலேயே சோதித்தார்கள். நான் சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டு வாரச் சரக்கு ஏற்கெனவே போய்விட்டது. திங்கட்கிழமை வாடிக்கையாளரிடம் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டவர் அவர். வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் குனிவை நான் பார்க்கவில்லை. ஆனால் இன்றுவரை மறக்கவில்லை.

2011 மார்ச் 11-ஆம் தேதி சுனாமி ஷியோகாமாவையும் தாக்கியது. 2014-இல் நான் போனபோது அந்தக் கடை இருந்த இடம் வெறும் மனையாகக் கிடந்தது. வேறொரு கடையில் உட்கார்ந்தோம். பெரியவர் ஓய்வுபெற்றிருந்தார். குடிக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவாம். "இப்ப நானும் உன் கட்சிதான்" என்று சிரித்தார். என் கோப்பையில் அவர் டீ ஊற்றினார், அவர் கோப்பையில் நான்.

தம்பிகளே, தங்கைகளே, தப்பு கண்ணில் பட்டால் அப்படியொரு மேஜை கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே சொல்லுங்கள். என்னோடு படித்து இன்று மேலதிகாரிகளாக இருக்கும் நண்பர்களே, உங்களுக்குக் கீழே இருப்பவன் பயமில்லாமல் பேச ஒரு மேஜை போட்டுக் கொடுங்கள். அதற்குச் சாக்கே வேண்டியதில்லை, நம்ம கேன்டீன் டீ போதும்.

இன்று ராத்திரி விருந்தில், உங்கள் டம்ளரைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து டம்ளரைப் பாருங்கள்.