தடுப்புக்கு அடியில் சிக்கிய மணல்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மே மாதத்திலும் செப்டம்பரிலும் ‘லவ்பக்’ என்னும் கரும்பூச்சிகள் இணை இணையாகச் சாலைகளில் மொய்க்கும். ஓடும் காரின் பானெட்டில் மோதி நசுங்கும். துடைக்காமல் ஓரிரு நாள் வெயிலில் காயவிட்டால் பெயின்ட் அரித்துப்போகும். ஆகவே சிலர் பானெட்டின் முன்விளிம்பில் அக்ரிலிக் தடுப்பு ஒன்றைப் பொருத்துகிறார்கள். எதிர்க்காற்றை அது மேலே திருப்பிவிட, பூச்சிகள் பலவும் காற்றோடு போய்விடும்.

ஆனால் பொருத்துமுன் பானெட்டை நன்றாகக் கழுவித் துடைத்து மெழுகு பூசவேண்டும். கழுவாமல் பொருத்தினால், அடியில் சிக்கிய மணல் கார் அதிரும்போதெல்லாம் பெயின்டைக் கீறும். வெளியே தெரியாது. என்றோ ஒருநாள் தடுப்பைக் கழற்றும்போதுதான், காக்க வைத்ததே காயம் செய்திருப்பது புரியும்.

நாமும் அப்படித்தானே? அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல். பேசித் தீர்க்காமல், அதன்மேல் ஒரு புன்சிரிப்பை மாட்டிக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் பார்த்தால் “சௌக்கியமா?” என்கிறோம். ஊர் மெச்சுகிறது. உள்ளே மணல் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

தடுப்பு இருந்தாலும் சில பூச்சிகள் மோதத்தான் செய்யும். அன்றே ஈரத்துணியால் துடைத்தால் தழும்பு இராது. இன்று மனத்தில் பட்டதை இன்றே கழுவுவோம். பழைய மணல் கிடந்தால், புன்சிரிப்பைச் சற்றே கழற்றி வைத்துவிட்டு, இன்று விளக்கணைக்குமுன் அந்த உடன்பிறப்பின் கதவைத் தட்டுவோம்.