சுத்தியல் ஓங்காத கையும் கதவைக் கழற்றும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கதவு, ஜன்னல் பழுது பார்க்கும் தொழில் செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"தொழில்ல ஜெயிச்ச கதையைப் பேசு"ன்னு சொல்லி மைக்கைக் கொடுத்துட்டாங்க. ஜெயிச்சேனான்னு எனக்குத் தெரியல. இந்த இடது கட்டைவிரலைப் பாருங்க. நகம் கோணலா இருக்கும். நான் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஆசாரி வேலை பார்த்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்ததில் தோள்பட்டை போய்விட்டது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அதற்கு முன்பே நான் அவருடன் கையாளாகப் போவேன். மரத்தைப் பிடித்துக்கொள்வது, உப்புத்தாள் தேய்ப்பது, பட்டி பார்ப்பது எல்லாம் என் வேலை. வேலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியாது. அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நானே வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது ஒரு வீட்டு ஜன்னல். கண்ணாடியைச் சுற்றி பீடிங் சட்டம் வைத்துச் சின்ன ஆணி அடிக்க வேண்டும். ஆணித்தலை வெளியே தெரியாமல் மரத்துக்குள் இறங்கணும். பஞ்ச்சை ஆணித்தலையில் வைத்து ஒரு கையால் பிடித்து, மறு கையால் சுத்தியலை ஓங்கினேன். முதல் அடி விரலில் விழுந்தது. வலியோடு அடித்த இரண்டாவது அடியில் பஞ்ச் வழுக்கிக் கண்ணாடி விரிந்துவிட்டது. கூலி போச்சு, கண்ணாடிக்குக் கைக்காசும் போச்சு. "பொம்பளை கையில சுத்தியலைக் கொடுத்தா இப்படித்தான்"னு வீட்டுக்காரம்மாவே சொன்னாங்க. ஆம்பளை சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "உன் கையில பலம் இல்லாம இல்ல. ஒரு கை பிடிக்கணும், ஒரு கை அடிக்கணும், கண்ணு ரெண்டையும் பார்க்கணும். எனக்கு அது பழக பத்து வருஷம் ஆச்சு. உனக்கு அவ்வளவு நாள் இல்ல. சுத்தியலே இல்லாம அடிக்கிற பஞ்ச் ஒண்ணு இருக்கு, அதை வாங்கு."

அந்தக் கருவிதான் இது. எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுகிறேன். இரண்டு எஃகுத் துண்டுகள், நடுவில் இறுக்கமான ஸ்பிரிங். அவ்வளவுதான். முனையை ஆணித்தலையில் வைத்து, கீழ்த்துண்டை ஒரு கையால் அசையாமல் பிடிக்கணும். மேல்துண்டை மறு கையால் இழுத்தால் ஸ்பிரிங் நீளும். விட்டால் சட்டென்று திரும்பி வந்து கீழ்த்துண்டின் மேல் மோதும். அந்த அடி நேராக ஆணிக்குப் போகும். ஓங்கவும் வேண்டாம், குறி பார்க்கவும் வேண்டாம். முனை எங்கே இருக்கோ அடி அங்கேதான் விழும். அதிகமாக இழுத்தால் பலமான அடி, கொஞ்சமாக இழுத்தால் மெல்லிய அடி. இழுப்பு பத்தவில்லை என்றால் இரண்டு, மூன்று தடவை விடலாம்.

இதை வாங்கக் குழுவில் 4,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். கூடவே ஒரு துளை போடும் மெஷின், உளி, கண்ணுக்குப் போடும் கண்ணாடி. கூட்டத்தில் பெரிய பேச்சாகிவிட்டது. "மாடு வாங்கு, தையல் மெஷின் வாங்கு, தர்றோம். ஆசாரி வேலைக்கு எப்படித் தர்றது? கண்ணாடியை உடைச்ச கதை ஊருக்கே தெரியுமே"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. கேட்டதில் தப்பில்லை, அது எல்லோருடைய சேமிப்புப் பணம். கடைசியில் எங்கள் ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டை எடுத்து, "இவ கட்டலைன்னா நான் கட்டுறேன்"னு சொல்லி எழுதினாங்க. அந்த வரிக்காகத்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன்.

நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆணி முழுவதையும் இந்தக் கருவியாலேயே இறக்கப் பார்க்காதீங்க. முதலில் சின்ன சுத்தியலால் மெல்லத் தட்டி, 2, 3 மில்லிமீட்டர் மட்டும் வெளியே நிற்கும்படி விடணும். மீதியை இதால் இறக்கணும். தலை, மரத்தின் மட்டத்துக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் கீழே போனால் போதும். அந்தக் குழியில் பட்டி வைத்து, காய்ந்த பிறகு உப்புத்தாள் தேய்த்தால் ஆணி இருந்த இடமே தெரியாது. முனை ஆணித்தலையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கணும். பெரிதாக இருந்தால் குழியும் பெரிதாகி மரம் நசுங்கும். மெல்லிய சட்டம் என்றால் ஆணி அளவைவிடச் சின்னதாக முன்கூட்டியே துளை போட்டுக்கொள்ளுங்க. இல்லாவிட்டால் சட்டம் பிளந்துவிடும்.

ஜாக்கிரதையும் வேணும். ஸ்பிரிங் சுருளுக்குள் விரல் போகக் கூடாது, சதையைக் கவ்விவிடும். முந்தானையை இழுத்துச் செருகி, முடியை முடிந்துகொள்ளணும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். முகத்தை நோக்கி ஒருநாளும் இழுத்து விடக் கூடாது. சிமெண்ட் சுவரிலும் டைல்ஸிலும் இதை வைக்காதீங்க, முனை மழுங்கும், சில்லும் தெறிக்கும். மேலிருந்து அழுத்தினாலே உள்ளே 'டக்' என்று அடிக்கும் சென்டர் பஞ்ச் ஒன்றும் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். இரும்பில் துளை போடுவதற்கு முன் புள்ளி வைக்க அது உதவும். காரின் பக்கக் கண்ணாடியைக்கூட அது ஒரே அழுத்தில் நொறுக்கிவிடும். அதனால் இரண்டையுமே பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்க.

இனி கீல் விஷயம். போன ஐப்பசி மழையில், எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி கொல்லைப்பக்கக் கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டாங்க. ஈரத்தில் மரம் ஊதி, உள் தாழ்ப்பாள் நகரவில்லை. வெளியே நின்ற இளவட்டங்கள் கதவை உடைக்கலாம் என்றார்கள். கதவுக்கும் பாட்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடமில்லை. உடைத்தால் பலகை அவங்க மேலதான் விழும். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, கதவு வெளிப்பக்கம் திறப்பது. அதனால் கீலும் வெளியேதான் இருந்தது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, சுத்தியலை ஓங்கவே இடமில்லை.

கீல் என்பது இரண்டு தகடுகள். அவற்றின் ஓரத்துக் குழல்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும், நடுவில் ஒரு கம்பி. கம்பியை உருவினால் தகடுகள் பிரிந்துவிடும். ஒருத்தரைக் கடப்பாரையைக் கதவின் அடியில் கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன், பாரம் கம்பியில் இருந்தால் உருவ வராது. கீழ்க்கீல் முதலில், பிறகு நடு, கடைசியாக மேல். முனையைக் கம்பியின் அடியில் வைத்து, கீழ்நோக்கி இழுத்து விட்டேன். கம்பி மேலே எழும்பியது. கீழ்க்கீல் துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, மற்ற இரண்டிலும் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் திரும்ப வந்தேன். நாலாவது அடியில் அசைந்தது. மூன்றையும் உருவி, கீல் பக்கமாகக் கதவை வெளியே இழுத்தோம். பாட்டி ஒரு கீறல் இல்லாமல் வந்து, "கதவு நல்லா இருக்கா தாயி?"ன்னு கேட்டாங்க. மறுநாள் தாழ்ப்பாளைச் சரி பண்ணி, அதே கதவை அதே கீலில் மாட்டிக் கொடுத்தேன். மாட்டும்போது மேல்கீல் முதலில், கம்பிக்குக் கொஞ்சம் எண்ணெய்.

எல்லாக் கீலிலும் இப்படிக் கம்பி வராது. கம்பியின் இரண்டு முனையும் அடித்து மடக்கியிருந்தால் உருவ முடியாது. கதவைத் திறந்து வைத்து ஸ்க்ரூவைக் கழற்றுவதுதான் வழி. வாங்கும்போதே பார்த்து வாங்குங்க.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சில நிமிஷத்தில் நான் கழற்றியதை ஒரு திருடனும் கழற்றலாமே! நம் குழுக்களில் தனியாக இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அதனால் வீட்டுக்குப் போனதும் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் ஒரு தடவை பாருங்க. வெளிப்பக்கம் திறக்கும் கதவில், கீல் வெளியே தெரிந்து கம்பியும் உருவ வருமானால், எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டும் பிரயோஜனம் இல்லை. கம்பி மடக்கிய கீலாக மாற்றுங்க. மாற்றத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்க. குழு உறுப்பினருக்குக் கூலி பாதிதான்.

உள்கடனைப் பத்து மாதத்தில் கட்டி முடித்துவிட்டேன். கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்ட அந்த அக்கா வீட்டுக் கதவையும் போன மாதம் நான்தான் சரிசெய்தேன்.

1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து, "உங்களால முடியுமா?"ங்கிற கேள்வி நம்மோடேயே வருது. சிறுவாட்டுக் காசைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அதற்குப் பதில் சொன்னோம். கொஞ்சம் கொஞ்சமா இழுத்துச் சேர்த்த பலம், தேவைப்படும்போது ஒரே இடத்தில் விழும். இந்த ஸ்பிரிங்கும் அதைத்தான் செய்யுது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இந்தப் பையைக் கொண்டு வர்றேன். ஒரு பழைய பலகையும் கொஞ்சம் ஆணியும் நீங்க கொண்டு வாங்க. எல்லோரும் இழுத்துப் பார்க்கலாம்.