ஒரு சோப்பின் கதை



போன வாரம் வகுப்பில் ஒரு அக்கா கேட்டார். "தம்பி, ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் செலவழிக்குதுன்னு சொல்றீங்க. அதனால நமக்கு என்ன வந்தது?"

நல்ல கேள்வி. பதிலைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். இதோ பாருங்கள், மைசூர் சாண்டல் சோப்பு!

இது நம் பெங்களூரில் தயாராகிற சோப்பு. மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோ ரயிலில் போனால், யஷ்வந்த்பூருக்கு முந்தின நிலையத்தின் பெயரே 'சாண்டல் சோப் ஃபேக்டரி'தான்.

நூறு வருடத்துக்கு முன்னால் நடந்த கதை இது. அப்போது மைசூர் ராஜ்யத்துக் காடுகளில் சந்தன மரம் நிறைய இருந்தது. வெட்டிய கட்டை கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். அங்கே அதிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். கட்டை நம்முடையது. எண்ணெய் எடுக்கும் வித்தை அவர்களுடையது. லாபம் யாருக்கு? நீங்களே சொல்லுங்கள்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. கப்பல் போக்குவரத்து கெட்டது. கட்டை விலை போகாமல் குவிந்தது. என்ன செய்வது?

விடை பெங்களூரிலேயே இருந்தது. இங்கே இந்திய அறிவியல் நிறுவனம் இருக்கிறது அல்லவா? 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று சொல்வோமே, அதுதான். அது எப்படி வந்தது தெரியுமா? மும்பைத் தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாட்டா தம் சொத்தில் பெரும் பகுதியை அதற்குக் கொடுத்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. அன்றைய இந்திய அரசாங்கம் மானியம் கொடுத்தது. 1909-இல் நிறுவனம் உருவானது. 1911-இல் மாணவர்கள் சேர்ந்தார்கள். டாட்டா அதைப் பார்க்கவில்லை. 1904-இலேயே காலமாகிவிட்டார்.

அங்கிருந்த பேராசிரியர்கள் சந்தனக் கட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையை ஆராய்ந்தார்கள். மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் 1916-இல் தொழிற்சாலை தொடங்கினார்கள். சோப்பு செய்யும் வித்தையைக் கற்றுவர சாஸ்திரி என்பவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் கற்று வந்தார். சந்தன சோப்பு பிறந்தது. இன்றும் அது கர்நாடக அரசின் கம்பெனிதான்.

இதில் எத்தனை கைகள் இருக்கின்றன, பாருங்கள். தொழிலதிபர் பணம் தந்தார். அரசு நிலமும் தொழிற்சாலையும் தந்தது. படித்தவர்கள் அறிவைத் தந்தார்கள். ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

நாலாவது கை ஒன்றும் உண்டு. அது நம் கை. தொழிற்சாலையில் உழைப்பவர்கள் நம்மவர்கள். காட்டில் சந்தன மரம் குறைந்துபோனது. இனி விவசாயி நட்டு வளர்த்தால்தான் கட்டை கிடைக்கும். ஆராய்ச்சிக்கு அரசு தரும் பணமும் நம் வரிப்பணம்தான். கடையில் ஒரு சோப்பு வாங்கினால்கூட நாம் வரி கட்டுகிறோம்.

அதனால் அந்த அக்கா கேட்டது சரி. "இந்த ஆராய்ச்சியால் யாருக்கு நன்மை?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கட்டையை மட்டும் விற்றவரைக்கும் நமக்குக் கிடைத்தது கட்டையின் விலை. வித்தையைக் கற்ற பிறகு எண்ணெயின் விலையும் கிடைத்தது, சோப்பின் விலையும் கிடைத்தது. நாம் எழுத்துக் கற்பதும் இதற்குத்தான்.

அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டு வாருங்கள். உங்கள் தெருவுக்கு, உங்கள் தொழிலுக்கு எதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும்? வாயால் சொல்ல வேண்டாம். உங்கள் கையாலேயே எழுதி வாருங்கள்.